கோடிக்கரைக்கு ஒரு சனி ஞாயிறு

நேயர்களுக்கு வணக்கம்.

திருச்சியில் இருப்பவர்கள், சனி ஞாயிறில் காட்டு விலங்கு பார்த்துவிட்டு வரலாம் என்று நினைத்தால் பேச்சு முதுமலை, பந்திப்பூர் என்றுதான் போகும். போக ஒரு ராத்திரி, வர ஒரு ராத்திரி, நடுவில் பார்க்கக் கிடைப்பது அரை நாள். நான் முப்பது வருஷமாக எல்லோருக்கும் எதிர்ப்பக்கம் கை காட்டிக்கொண்டிருக்கிறேன். காவிரி எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே வாருங்கள். தஞ்சாவூர், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம், அப்புறம் கோடிக்கரை. காரில் நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். 1930 ஏப்ரல் 13ஆம் தேதி ராஜாஜி உப்புச் சத்தியாக்கிரகத்துக்குத் திருச்சியிலிருந்து புறப்பட்டு, வேதாரண்யம் வரை இரண்டு வாரத்துக்கு மேல் நடந்தே வந்தார். நமக்கு அது ஒரு காலை நேரப் பயணம்.

வழியில் வடுவூரில் இறங்காமல் போகாதீர்கள். தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி போகும் சாலையிலேயே இருக்கிறது ஏரி. பாசனத்துக்கு வெட்டிய ஏரிதான். மேட்டூர்த் தண்ணீரும் ஐப்பசி மழையும் சேர்ந்து நிரம்பினால், கார்த்திகையிலிருந்து மாசி வரைக்கும் பறவைகள் இருக்கும். சித்திரையில் போய், வறண்ட ஏரியைப் பார்த்துவிட்டு வருத்தப்படக் கூடாது. 2022இல் இதற்கு ராம்சார் தகுதி கிடைத்தது. உலக அளவில் முக்கியமான நீர்நிலை என்று அதற்கு அர்த்தம்.

அங்கே நத்தைகுத்தி நாரையைக் கொஞ்சம் நின்று பாருங்கள். அலகை மூடியிருக்கும்போதும் மேல் அலகுக்கும் கீழ் அலகுக்கும் நடுவே ஒரு இடைவெளி தெரியும். வயல் நத்தையை எடுத்துத் தின்ன வாகான அலகு அது. நடவு வயலில் நம் ஆட்கள் நிற்கும்போது பக்கத்து வயலில் அதுவும் நிற்கும். யாரும் விரட்ட மாட்டார்கள். எங்கள் பக்கத்தில் பறவை பார்ப்பதற்குத் தனியாகக் காட்டுக்குப் போக வேண்டியதில்லை, வரப்பில் நின்றாலே போதும்.

சரி, கோடிக்கரைக்கு வருகிறேன். 1967இல் இந்தச் சரணாலயத்தை அமைத்ததே வெளிமானுக்காகத்தான். கிடா மானுக்கு முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம், கயிறு முறுக்கினது போலக் கொம்பு. பெட்டைக்கு மண் நிறம். இந்த மான் அடர்ந்த காட்டில் வாழாது. வெட்டவெளிப் புல்தரையில்தான் இருக்கும். எதிரி வருவதைத் தூரத்திலேயே பார்த்து ஓடித் தப்பிப்பதுதான் அதன் வழி. அதனால்தான் சொல்கிறேன், வண்டியில் அதைத் துரத்திப் பார்க்க முடியாது. நீங்கள் அதைப் பார்ப்பதற்கு முன்னால் அது உங்களைப் பார்த்திருக்கும்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. சில வருஷத்துக்கு முன்னால் திருச்சியிலிருந்து என் தங்கை மகன், குடும்பத்தோடு வந்திருந்தான். வாடகை வண்டி. முதல் நாள் சாயங்காலம் உள்ளே போனோம். தூரத்தில் ஒரு கூட்டம் தெரிந்ததும் ஓட்டுநர் வேகமாக விட்டார். கூட்டம் ஓடியது. இன்னொரு பக்கம் திருப்பினார். அதுவும் ஓடியது. ஒன்றரை மணி நேரத்தில் நாங்கள் பார்த்ததெல்லாம் மானின் பின்பக்கமும் புழுதியும்தான். பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். எனக்கு மனசே ஆறவில்லை. அந்த மான்களை வீணாக ஓடவிட்டோமே என்றிருந்தது.

மறுநாள் விடியற்காலையில், அங்கே இருந்த வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவரிடம் கேட்டேன். உள்ளூர்க்காரர். ஒன்றும் சொல்லாமல் கூட்டிக்கொண்டு போய், புல்தரையில் ஓரிடத்தைக் காட்டினார். ஆட்டுப் புழுக்கை மாதிரி, ஒரு முறம் அகலத்துக்குக் குவிந்து கிடந்தது. அடியில் காய்ந்து வெளுத்தது, மேலே ஈரமாகக் கறுப்பாகப் புதுசு. "சார், இது ஒரு கிடாவோட எடம். திரும்பத் திரும்ப இங்கதான் வந்து போடும். வண்டிய அங்கயே நிறுத்திட்டு, அந்தப் பாலை மரத்தடியில உக்காந்துக்குங்க" என்றார்.

உட்கார்ந்தோம். முக்கால் மணி நேரம் ஒன்றும் வரவில்லை. பாலைப்பழ வாசனையும் கடல் காற்றும்தான். பிள்ளைகள் அமைதியாக இருந்ததே ஆச்சரியம். அப்புறம் சின்னவள் என் கையை அழுத்தி, "தாத்தா, வந்திருச்சு" என்று காதில் சொன்னாள். மூக்கை வானத்துக்குத் தூக்கி, கொம்பை முதுகில் சாய்த்துக்கொண்டு, ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்து வந்தது கிடா. குவியலை மோந்து பார்த்தது. புழுக்கை போட்டது. அப்புறம் ஒரு செடிக்குக் கிட்டே போய், கண்ணுக்கு முன்னால் இருக்கும் சுரப்பியை ஒரு குச்சி நுனியில் மெதுவாகத் தேய்த்தது. இது என் இடம் என்று மற்றக் கிடாக்களுக்கு அது விட்டுப்போகும் சேதி. பத்து நிமிஷம் எங்கள் எதிரிலேயே நின்றது. பின்னாலேயே நாலு பெட்டைகள் மேய வந்தன.

அதனால்தான் யார் கேட்டாலும் இதைச் சொல்கிறேன். இஞ்சினை அணையுங்கள். ஒரே இடத்தில் உட்காருங்கள். மான் உங்களிடம் வரும்.

கோடிக்கரையில் அவிழ்த்துவிட்ட குதிரைகளின் வழிவந்த காட்டுக் குதிரைகளும் இருக்கின்றன. அவை மானோடு ஒரே புல்லை மேய்கின்றன. சீமைக்கருவேல் பரவப் பரவப் புல்தரையும் சுருங்குகிறது. மேலே பச்சையாகத் தெரிகிறதே என்று சந்தோஷப்பட முடியாது. வெளி இருந்தால்தான் வெளிமான் இருக்கும். 2018 நவம்பரில் கஜா புயல் இந்தக் கரையைத் தாக்கியபோது எத்தனை பழைய மரங்கள் சாய்ந்தன என்பதை எங்கள் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பனிக்காலத்தில் போனால் சதுப்புப் பக்கம் பூநாரை பார்க்கலாம். தலையைக் கவிழ்த்து, மேல் அலகு கீழே வரும்படி தண்ணீரில் வைத்து, நம் வீட்டில் அரிசி அரிப்பது போல அரித்துத் தின்னும். இங்கேயும் தூரத்திலேயே நின்றுவிடுங்கள். ஒன்று எழுந்தால் கூட்டமே எழுந்துவிடும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து நேரம் ஆகிறது என்று கை காட்டுகிறார்கள். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டைப் பற்றித் தனியாகப் பேச வந்தேன், இரண்டு வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். பாமணியாறும் கோரையாறும் கடலில் சேரும் இடம் அது. ஞாயிற்றுக்கிழமை திரும்பும்போது அந்த வழியாக வந்து, பட்டுக்கோட்டை போய்த் தஞ்சாவூர் பிடிக்கலாம். படகில் போக வனத்துறை அனுமதி வேண்டும். சேற்றிலிருந்து விரல் விரலாக மேலே நீட்டிக்கொண்டிருக்கும் மூச்சு வேர்களைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

இரண்டு இடத்துக்கும் முதல் நாளே வனத்துறை அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். குடிதண்ணீர் கையில் இருக்கட்டும். கோடிக்கரையில் அந்தப் புழுக்கைக் குவியலைக் கண்டால் நன்றாகத் தள்ளி, காற்று உங்கள் பக்கம் வீசுகிற மாதிரி ஒரு நிழல் பார்த்து உட்காருங்கள். வணக்கம்.