கலங்காத கரிய நீர்

நண்பர்களே, அலுமினியமும் நீரில் மூழ்கும், தாமிரமும் மூழ்கும். இரண்டையும் பிரித்துத் தர நீரால் ஆகாது. அதே நீரில் மாக்னடைட் என்ற, காந்தம் ஈர்க்கும் இரும்பு ஆக்சைடின் நுண்துகள்களைக் கலந்து, தொட்டியின் அடியில் வலிய காந்தத்தை வையுங்கள். காந்தம் திரவத்தைக் கீழே இழுப்பதால், அடிப்பக்கம் போகப் போக அது கனத்த திரவம்போல் நடந்துகொள்ளும். நொறுக்கிய கழிவைக் கொட்டினால், ஒவ்வொரு துண்டும் தன் அடர்த்திக்கேற்ற உயரத்தில் நின்றுவிடும். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பிளாஸ்டிக் கழிவுக்காக இந்த முறையை வளர்த்தெடுத்தார்கள். நீரின் அடர்த்தியை 1 என்று வைத்தால், பிளாஸ்டிக்கின் அடர்த்தி பெரும்பாலும் 0.9 முதல் 1.4 வரைதான், தாமிரத்துக்கோ 8.9. உலோகத்தைப் பிரிக்க மிக வலிய காந்தம் வேண்டும்.

காந்தம் கிடைத்துவிடும். திரவம் தாங்குமா என்பதுதான் கேள்வி.

10 நானோமீட்டர் துகளை எடுத்துக்கொள்வோம். அதைச் சுற்றி 2 நானோமீட்டர் தடிப்பில் ஒரு மேலுறை. அறை வெப்பத்தில் இரு துகள்களுக்கிடையிலான காந்த ஈர்ப்பு ஆற்றலும் அவற்றை உலுக்கும் வெப்ப ஆற்றலும் ஏறக்குறையச் சமம், ஒட்டினாலும் பிரிந்துவிடும். துகளை 15 நானோமீட்டராக்கிப் பாருங்கள், ஈர்ப்பு நான்கு மடங்குக்கும் மேலே போய்விடுகிறது. அப்புறம் துகள்கள் பிரியாமல் சங்கிலியாகக் கோத்துக்கொள்வதுதான்.

காந்தப் புலம் வலுத்தால் இந்த ஈர்ப்பும் வலுத்துக்கொண்டே போகும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் 1 டெஸ்லாவிலேயே (டெஸ்லா என்பது காந்தப் புல வலிமையின் அலகு) துகள்கள் அநேகமாக முழுவதும் புலத்தின் திசையில் திரும்பிவிடுகின்றன. அதற்குமேல் ஈர்ப்பு கூட வழியில்லை. துகளை இடம்பெயர்ப்பது புலத்தின் சரிவு, அதாவது இடத்துக்கு இடம் புலம் மாறும் வேகம். மீட்டருக்கு 10 டெஸ்லா சரிவில், தனித் துகள் நீரில் ஒரு நாளைக்கு ஒன்றரை மில்லிமீட்டர்தான் நகரும். அது பெரிய கவலை இல்லை. ஆயிரம் துகள்கள் ஒட்டிய கட்டியோ ஒரே நாளில் 15 சென்டிமீட்டர் இறங்கிவிடும். மேலே வெறும் நீர், கீழே சேறு. தரம்பிரிப்பு அத்தோடு முடிந்தது.

ஆகவே கட்டி உண்டாகாமல் பார்ப்பதே முழு வேலையும். இங்கேதான் கழிவு தன் குணத்தைக் காட்டுகிறது. துகள்கள் ஒரே மின்னூட்டத்தால் ஒன்றையொன்று விலக்கி நிற்கும் திரவத்தில், அழுக்கோடு வரும் உப்பு அந்த விலக்கலை மழுங்கடித்துவிடும். நான் ஒருமுறை வாளியில் இருந்த, கழிவைக் கழுவிய நீரை யோசிக்காமல் திரவத்தில் ஊற்றினேன். மாலைக்குள் திரவம் திரிந்த பாலாகிவிட்டது. காந்தத்தின் மேல் பழிபோட்டு இரண்டு நாள் அலைந்தேன், வெட்கமாகத்தான் இருக்கிறது.

இப்போது புதிய திரவம் வந்தால், முதலில் அதில் கொஞ்சம் எடுத்து உப்புநீர் கலந்து, கட்டி உண்டாகிறதா என்று பார்த்த பிறகுதான் திரவத்தைக் காந்தத்தின் மேல் வைக்கிறேன்.