விடிவதற்குள் முடிகிற கதை

(நீடாமங்கலத்தில் ஊர்ப் பொங்கல் விழாப் பட்டிமன்றம். தலைப்பு: நம் மனதில் நிற்பது சின்னத்திரைத் தொடரா, பெரிய திரைப் படமா? 'பெரிய திரைப் படமே' என்ற அணியில் பேசியது.)

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணியில் இருக்கும் அக்கா, அண்ணன்மார்களே, இந்தப் பனியிலும் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஊர்ப் பெரியவர்களே, எல்லாருக்கும் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய அக்கா உருக்கமாகப் பேசினார்கள். தொடர் தினமும் வீடு தேடி வருகிறது, தனியாக இருக்கிற பெண்ணுக்கு அதுதான் துணை என்றார்கள். கல்கியே 'பொன்னியின் செல்வ'னை வாராவாரம் தொடராகத்தான் எழுதினார், ஆகவே தொடர்தான் இந்த மண்ணுக்குப் பழகிய வடிவம் என்றார்கள். போகிற போக்கில் 'மெய்யழகன்' படத்தையும் இழுவை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டார்கள். அதற்குக் கடைசியில் வருகிறேன், அதை மட்டும் என்னால் விட முடியாது.

துணை என்றார்களே, அதை நான் மறுக்கவே மாட்டேன். என் அம்மா 'கோலங்கள்' பார்த்தவர். 2003 நவம்பரில் ஆரம்பித்து 2009 டிசம்பரில் முடிந்தது, 1533 எபிசோட். அந்தத் தொடர் தொடங்கிய வருஷம் மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறக்கவில்லை. குறுவைப் பயிர் போயே போய்விட்டது. அப்பா வாய்க்கால் கரை வரை போய்ப் பார்த்துவிட்டு வந்து, திண்ணையில் பேசாமல் படுத்துக்கொள்வார். வீட்டில் யாரும் யாரோடும் பேசாத நாட்கள் அவை. அம்மாவுக்கு ராத்திரி அந்த அரை மணி நேரம்தான் மூச்சு விடுகிற நேரம். தேவயானி நடித்த அபி, தன் காலில் நின்று தொழில் நடத்துவாள். அதைப் பார்த்து அம்மா நிமிர்ந்து உட்கார்ந்ததை நானே பார்த்திருக்கிறேன். அதற்காக அந்தத் தொடருக்கு இன்றைக்கும் நன்றி சொல்வேன்.

ஆனால் நடுவர் அவர்களே, நமக்குத் தந்திருக்கிற தலைப்பு துணையைப் பற்றியது இல்லை. மனதில் நிற்பதைப் பற்றியது. போன வாரம் அம்மாவிடம் கேட்டேன்: "அம்மா, கோலங்கள் எப்படி முடிஞ்சுது?" அபியின் முகம் நினைவிருக்கிறது, அவளைப் படுத்தியெடுத்த ஆதி நினைவிருக்கிறான். முடிவு வரவில்லை. ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "நல்லபடியாத்தான் முடிஞ்சிருக்கும்" என்றார். ஆறு வருஷம் பார்த்த கதை!

அதே அம்மாவிடம் 'தில்லானா மோகனாம்பாள்' பற்றிக் கேட்டுப் பாருங்கள். 1968-ல் வந்த படம். சிறுமியாக இருந்தபோது டூரிங் டாக்கீஸில் மணல் குவித்து உட்கார்ந்து பார்த்தது. சிக்கல் சண்முகசுந்தரம் வாசித்துக்கொண்டிருக்கும்போது வாணவேடிக்கைச் சத்தம் கிளம்புவதும், அவர் நாயனத்தை நிறுத்துவதும், அந்த முகத்தில் வந்த கோபமும் அம்மாவுக்கு இப்போதும் வரிசை மாறாமல் வரும். "அவரு நம்ம சிக்கல், அவ நம்ம திருவாரூர்" என்று சொந்தக்காரர்களைப் போலச் சொல்வார். ஒரே ஒரு தடவை, இரண்டே முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஒரு படம். ஐம்பது வருஷம் தாண்டியும் நிற்கிறது.

ஏன் இப்படி? நம் ஜனங்களுக்கு ஞாபக சக்தி குறைந்துவிட்டது என்று சொல்லாதீர்கள். குறை கதையில் இருக்கிறது. 2018 நவம்பர் 16, கஜா புயல். இங்கே உட்கார்ந்திருக்கிற யாருக்கும் அந்தத் தேதியை விளக்க வேண்டாம். எங்கள் பக்கம் கரண்ட் வர ஒரு மாதம் ஆயிற்று. அந்த ஒரு மாதத்தில் இங்கே என்னென்ன நடந்தது! முப்பது வருஷம் வளர்த்த தென்னை ஒரே ராத்திரியில் வரிசையாகப் படுத்துக் கிடந்தது. கூரை போனவர்கள் பள்ளிக்கூடத்தில் தங்கினார்கள். பேசாமல் இருந்த பங்காளிகள் ஒரே அடுப்பில் சோறு பொங்கினார்கள். கரண்ட் வந்த அன்றைக்கு டிவியைப் போட்டோம். எந்தப் பெண் எந்தக் கூடத்தில் நின்று அழுதுகொண்டிருந்தாளோ, அதே கூடத்தில் அதே மாமியார் முன்னால் நின்று அழுதுகொண்டிருந்தாள். ஒரு மாதம் பார்க்காமல் விட்டும் நாங்கள் எதையும் தவறவிடவில்லை. ஒரு மாதத்தைத் தூக்கி எறிந்தாலும் குறையாத கதையை மனம் எதைப் பிடித்து வைத்துக்கொள்ளும்?

எழுதுகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. வாரத்துக்கு ஆறு நாள் படம் பிடிக்க வேண்டும். வாடகைக்கு எடுத்த ஒரே பங்களாவுக்குள் எல்லாக் காட்சியும் அடங்க வேண்டும். வியாழக்கிழமை டிஆர்பி வந்தால் அதைப் பார்த்து அடுத்த வாரக் கதை திரும்ப வேண்டும். நல்ல கையும் அங்கே தேய்ந்துதான் போகும்.

'எதிர்நீச்சல்' தொடரையே எடுத்துக்கொள்வோம். 'கோலங்கள்' எடுத்த திருச்செல்வம்தான் அதையும் எடுத்தார். 2022 பிப்ரவரியில் வந்தது. ஆதி குணசேகரனாக மாரிமுத்து வந்து நின்றபோது, நம் தெருவில் நமக்குத் தெரிந்த ஒரு ஆள் டிவிக்குள் போனது போல இருந்தது. "இந்தாம்மா ஏய்" என்று குழந்தைகள்கூடச் சொல்லித் திரிந்தன. வீட்டுப் பெண்களைக் குரலாலேயே அடக்குகிற ஆண் எப்படி இருப்பான் என்று அவ்வளவு துல்லியமாகக் காட்டிய நடிகர் சினிமாவிலும் குறைவு. 2023 செப்டம்பர் 8-ல் அவர் இறந்துபோன அன்று எங்கள் தெருவில் சாவு வீடு மாதிரிதான் இருந்தது. அந்தத் துக்கம் உண்மை.

ஆனால் அந்த வீட்டு மருமகள்கள் நான்கு பேரையும் நினைத்துப் பாருங்கள். ஒருத்தி வாசல்படி தாண்டுவாள். நமக்குக் கைதட்டத் தோன்றும். அடுத்த வாரம் அவளைப் பிடித்து உள்ளே தள்ளிவிடுவார்கள். மறுபடி தாண்டுவாள், மறுபடி தள்ளுவார்கள். என்ன காரணம்? அவள் ஜெயித்துவிட்டால் கதை முடிந்துவிடும். கதை முடியக் கூடாது என்பதற்காக அவள் ஜெயிக்கக் கூடாது. பெண்ணுக்குத் துணை என்று அக்கா சொன்ன அந்த வடிவம், பெண்ணைத் தோற்கடித்துக்கொண்டே இருந்தால்தான் நாளைக்கும் ஓடும். இதுதான் எனக்கு ஆற்றாமை. பார்க்கிற பெண்ணுக்கு அது நாளுக்கு நாள் சொல்லித் தருவது என்ன? பொறுத்துக்கொள், நாளைக்குப் பார்க்கலாம் என்பதைத்தானே?

'அயலி'யைச் சொல்வீர்கள், சொல்லுங்கள். 2023-ல் வந்தது. பக்கத்துப் புதுக்கோட்டைச் சீமையில் நடக்கிற கதை. வயதுக்கு வந்தால் படிப்பு நின்று கல்யாணம் நடந்துவிடும் என்பதால், தான் வயதுக்கு வந்ததையே மறைத்துப் படிக்கிற தமிழ்ச்செல்வி என்கிற பெண். எனக்கு உயிர் அந்தக் கதை. தொடர்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எட்டே எபிசோட். சொல்ல வந்ததைச் சொன்னார்கள், முடித்தார்கள், தமிழ்ச்செல்வியை நம் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். அது நன்றாக இருப்பதற்குக் காரணம், ஒரு படம் எப்படி முடியுமோ அப்படி அது முடிந்ததுதான்.

அப்புறம் கல்கி. மாயவரத்துப் பக்கம் புத்தமங்கலத்தில் பிறந்தவர், நம்ம ஊர்க்காரர். வாராவாரம் எழுதினார், வாஸ்தவம். 1950-ல் தொடங்கி 1954-ல் முடித்தார். முடித்தார் நடுவர் அவர்களே, அதைத்தான் சொல்ல வருகிறேன். இன்னும் என்ன ஆயிற்று, அவர் என்ன ஆனார், இவர் என்ன ஆனார் என்று வாசகர்கள் கேட்டார்கள். இன்னொரு பாகம் இழுக்காமல், ஒரு முடிவுரை எழுதி அவர்களுக்குப் பதில் சொன்னார். நம் ஊர்க் கதை மரபு அதுதான். மெலட்டூரில் நரசிம்ம ஜயந்திக்குப் பாகவத மேளா நாடகம் நடக்கிறதே, பார்த்தவர்கள் கை தூக்குங்கள். பிரகலாத சரித்திரம் ராத்திரி ஆரம்பிக்கும். தெருவே விழித்திருக்கும். குழந்தைகள் மடியில் தூங்கிவிடும், பெரியவர்கள் தூங்க மாட்டார்கள். விடிவதற்குள் நரசிம்மர் வந்துவிடுவார். அந்த ராத்திரிக்குள் பயம், கோபம், கண்ணீர் எல்லாம் வந்து, கடைசியில் மனசு காலியாகி வீட்டுக்குப் போவோம். படம் அந்த மெலட்டூர் ராத்திரியின் வாரிசு. இருட்டில் முன்பின் தெரியாதவர்களோடு சேர்ந்து உட்கார்ந்து, ஒரு கதை முடிகிற வரை எழுந்திருக்காமல் இருப்பது.

'பொன்னியின் செல்வன்' படத்தில் எனக்குக் குறை உண்டு. 2022-ல் முதல் பாகம், 2023-ல் இரண்டாம் பாகம், இரண்டையும் முதல் வாரமே பார்த்தேன். தாய்லாந்திலும் ஹைதராபாத்திலும் வடநாட்டுக் கோட்டைகளிலும் எடுத்த சோழ நாடு எனக்கு முழுசாகச் சோழ நாடாகப் படவில்லை. நாவல் ஆடிப் பதினெட்டில் வீரநாராயண ஏரிக் கரையில் ஆரம்பிக்கும்போது எழுகிற அந்த ஈர வாசனை படத்தில் எனக்குக் கிடைக்கவில்லை. ஆனாலும் 'பொன்னி நதி' பாட்டு வந்தபோது தியேட்டரில் எனக்குப் பின்னால் இருந்த ஒரு தாத்தா கைதட்டினாரே, அது எனக்கு மறக்காது.

சரி, மெய்யழகனுக்கு வருகிறேன். 2024 செப்டம்பர் 27-ல் வந்தது. பிரேம்குமார் இயக்கம். '96' படத்தில் தஞ்சாவூர்ப் பள்ளிக்கூடத்தைக் காட்டினாரே, அவர்தான். முதலில் 177 நிமிடம். இழுவை என்று பேச்சு வந்து, சுமார் 18 நிமிடம் வெட்டினார்கள். வெட்டியதில் எனக்குச் சம்மதம் இல்லை. நம் மாப்பிள்ளை, மச்சான் ராத்திரி உட்கார்ந்து பேச ஆரம்பித்தால் எப்போது நிறுத்துகிறார்கள்? ஜல்லிக்கட்டுக்குப் போவார்கள், சோழனுக்குப் போவார்கள், செத்துப்போன சித்தப்பாவுக்குத் திரும்பி வருவார்கள். அந்தப் படம் ஓடுகிற வேகம் நம் பேச்சின் வேகம். அதை இழுவை என்று சொன்னால் நம் திண்ணையையே இழுவை என்று சொல்ல வேண்டும்.

தொடரில் ஒரு பத்து நிமிடக் காட்சி இழுக்கிறதென்றால் அங்கே ஒன்றும் நடக்கவில்லை என்று அர்த்தம். மின்னல் அடிக்கும், மூன்று முகத்தை மூன்று தடவை காட்டுவார்கள். இங்கே அப்படியா? பாகப்பிரிவினைச் சண்டையில் 1996-ல் தஞ்சாவூர் வீட்டை விட்டுப் போன ஒருவர், இருபது வருஷத்துக்கு மேல் கழித்துத் தங்கச்சி கல்யாணத்துக்கு இதே நீடாமங்கலத்துக்கு வருகிறார். யாரையும் பார்க்காமல் மொய் வைத்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும் என்ற எண்ணத்தில் வருகிறார். மேடையில் ஏறி, கொண்டுவந்த நகையைத் தன் கையாலேயே அந்தப் பெண்ணுக்குப் போட்டுவிடுகிறார். அந்த இடத்தில் பேச்சே கிடையாது. அரவிந்த்சாமி முகமும் அந்தப் பெண் முகமும்தான். என் பக்கத்து சீட்டில் இருந்தவர் யார் என்றே எனக்குத் தெரியாது, அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அத்தான், அத்தான்" என்று கூடவே சுற்றுகிற கார்த்தியின் பெயர் அவருக்கு ஞாபகம் வரவில்லை. கேட்கவும் கூச்சம். அந்த ஒரு கூச்சத்தை வைத்து முழுப் படத்தையும் நகர்த்துகிறார்கள். விட்டுவிட்டுப் போன பழைய சைக்கிள் ஒரு குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியது என்று தெரிய வருகிறபோது அவர் நொறுங்கிப்போகிறார். வில்லன் இல்லை, விஷம் வைக்கிற மாமியார் இல்லை. கொடுத்ததை மறந்தவனும் வாங்கியதை மறக்காதவனும் ஒரு ராத்திரி பேசுகிறார்கள், அவ்வளவுதான். விடியும்போது ஒருவர் சொல்லாமல் கிளம்பிவிடுகிறார். மறுபடியும் பாருங்கள், ஒரு ராத்திரிக் கதை. மெலட்டூர்க் கணக்குத்தான்.

அம்மாவை மன்னார்குடியில் அந்தப் படத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். பஸ்ஸில் திரும்பும்போது ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து கால் அலம்பிவிட்டு, சாமி விளக்கைக்கூடப் பார்க்காமல், போனை எடுத்து என்னிடம் நீட்டினார். ஒரத்தநாட்டில் இருக்கிற தன் சித்தி மகள் நம்பரைப் போட்டுத் தரச் சொன்னார். நிலத் தகராறில் பேச்சு நின்று பதினோரு வருஷம். நம்பர் என்னிடம் இருந்தது. அம்மாவுக்குத் தெரியாமல் நான் வைத்திருந்தேன்.

அந்தப் பக்கம் எடுத்தார்கள். அம்மா நிலத்தைப் பற்றிப் பேசவில்லை. சௌக்கியமா என்றுகூடக் கேட்கவில்லை. "ஏண்டி, ஒன் கொல்லையில அந்த நார்த்தை மரம் இன்னும் காய்க்குதா?" என்று கேட்டார்.

"அது கஜாவுலயே போச்சுக்கா" என்று குரல் வந்தது. அந்த மரம் போய் ஆறு வருஷம் ஆகியிருந்தது. அம்மாவுக்கு அன்றைக்குத்தான் தெரியும். அப்புறம் இரண்டு பேரும் ராத்திரி பதினோரு மணி வரைக்கும் பேசினார்கள்.

நடுவர் அவர்களே, தீர்ப்பை உங்களிடம் விடுகிறேன். நன்றி, வணக்கம்.