மூன்று அடி மீன் தொட்டிக்கு எத்தனை வாட் யுவி?

[காட்சி: பாசிப்பச்சையாகிப்போன தொட்டி. உள்ளே இருக்கும் மீன் கண்ணாடியை ஒட்டி வந்தால்தான் தெரிகிறது.]

வணக்கம். தொட்டித் தண்ணீர் இப்படிப் பச்சையாகிவிட்டது என்று கடையில் போய்ச் சொன்னால், பெரும்பாலும் ஒரு யுவி லைட்டை, அதாவது புற ஊதா விளக்கை, கையில் கொடுப்பார்கள். "மூணு அடி டேங்க்தானே சார், 9 வாட் போதும்." சில வீடுகளில் அது போதும். சில வீடுகளில் மாதக்கணக்கில் எரிந்தும், ஒட்டுண்ணியால் மீன்களுக்கு வரும் வெள்ளைப் புள்ளி நோய் திரும்பத் திரும்ப வரும். பழியை லைட் மேல் போடுவோம். பல நேரம் சிக்கல் இருப்பது அதற்குள் தண்ணீர் ஓடும் வேகத்தில்.

[காட்சி: யுவி உறையின் வெட்டுப் படம். நடுவில் விளக்கு, சுற்றிலும் ஓடும் தண்ணீர்.]

குவார்ட்ஸ் குழாய்க்குள் ஒரு விளக்கு, அதைச் சுற்றித் தண்ணீர். சாதாரணக் கண்ணாடி இந்த ஒளியை விடாது, அதனால்தான் குவார்ட்ஸ். விளக்கிலிருந்து வரும் ஒளியின் அலைநீளம் சுமார் 254 நானோமீட்டர். அது பாசி, பாக்டீரியா, ஒட்டுண்ணி எதன் மேல் பட்டாலும் மரபணுவைச் சிதைக்கும். அப்புறம் அதனால் பெருக முடியாது. ஊதா நிறத்தில் பளிச்சென்று எரியும் மலிவான எல்இடி பல 395 நானோமீட்டர் வாக்கில் இருப்பவை. பார்க்க அழகு, இந்த வேலைக்கு உதவாது.

எவ்வளவு சிதைக்கும் என்பது ஒளியின் வலுவையும், அதன் முன்னால் தண்ணீர் இருக்கும் நேரத்தையும் பெருக்கினால் வரும் அளவு. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை மைக்ரோவாட் விநாடி என்று சொல்வார்கள். தண்ணீரைப் பச்சையாக்கும் மிதக்கும் பாசிக்கு 15,000 முதல் 30,000 வரை போதும். வெள்ளைப் புள்ளி ஒட்டுண்ணிக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் வேண்டும். பெட்டியில் மில்லிஜூல் என்று இருந்தால் குழம்ப வேண்டாம்: 30 மில்லிஜூல் என்பதும் 30,000 மைக்ரோவாட் விநாடி என்பதும் ஒன்றுதான்.

சரி, கணக்குக்கு வருவோம். வண்ணமீன் கடைகள் நிறைந்த சென்னை கொளத்தூர் போனாலும் சரி, உங்கள் ஊர்க் கடைக்குப் போனாலும் சரி, தொட்டியை அடிக்கணக்கில்தான் சொல்வார்கள். நமக்கு லிட்டர் வேண்டும். 90 செ.மீ. நீளம், 45 அகலம், 45 உயரம். மூன்றையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 182 லிட்டர். மணல், கல், மேலே விட்ட இடைவெளி எல்லாம் போக 150 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

[காட்சி: யுவி பெட்டியின் பின்பக்க அட்டவணை, நெருக்கத்தில்.]

இனி பெட்டியைத் திருப்புங்கள். "200 லிட்டர் தொட்டி வரை" என்று முன்பக்கம் கொட்டை எழுத்தில் இருப்பதை விட்டுவிடுங்கள். எந்த வேகத்தில் எத்தனை மைக்ரோவாட் விநாடி கிடைக்கும் என்ற வரியைத் தேடுங்கள். உதாரணத்துக்கு, ஒரு 9 வாட் பெட்டியில் மணிக்கு 900 லிட்டர் ஓடும்போது 30,000 என்று போட்டிருக்கிறது. பாசிக்கு அது சரி. அதே விளக்கில் 90,000 வேண்டுமானால் தண்ணீர் மூன்று மடங்கு நேரம் உள்ளே நிற்க வேண்டும். அப்படியென்றால் மணிக்கு 300 லிட்டர்.

அதற்காக ரொம்பவும் குறைத்துவிடவும் கூடாது. வெளியே வந்த தண்ணீர் தொட்டியில்தான் திரும்பக் கலக்கிறது. மணிக்கு 150 லிட்டர் ஓடினால், அந்த ஒரு மணி நேரத்தில் தொட்டியின் சுமார் 63 சதவீதத் தண்ணீர்தான் ஒரு தடவையாவது விளக்கைக் கடந்திருக்கும். 300 லிட்டர் ஓடினால் 86 சதவீதம். மூன்றடித் தொட்டிக்கு இந்த வேகம் எனக்குத் திருப்திதான்.

இப்போது அதே விளக்கை 450 லிட்டர் தொட்டியில் வைத்துப் பாருங்கள். மணிக்கு 300 லிட்டர் பற்றாது. வேகத்தை 900 ஆக்கினால் அளவு 30,000-க்கு இறங்கிவிடும். பாசி போகும், ஒட்டுண்ணி தப்பிக்கும். இங்கே பெரிய பம்ப் வாங்கிப் பயனில்லை. விளக்கே மூன்று மடங்கு வலுவாக இருக்க வேண்டும், அதாவது 25, 30 வாட் வாக்கில்.

பெட்டியில் அந்த வரியே இல்லையா? பச்சைத் தண்ணீருக்கு மட்டும் என்றால் துணிந்து வாங்கலாம். நோய்க்கு என்றால் நான் வாங்க மாட்டேன்.

[காட்சி: பக்கெட், அதற்குள் விழும் தண்ணீர், செல்போனில் ஓடும் ஸ்டாப்வாட்ச்.]

பம்ப் மேல் அச்சிட்ட எண்ணையும் நம்ப வேண்டாம். குழாயே இல்லாமல், உயரம் ஏற்றாமல் ஓடும்போது கிடைக்கும் வேகம் அது. யுவி-யையும் சேர்த்து மாட்டிவிட்டு, தண்ணீர் திரும்ப விழும் குழாயைத் தொட்டி உயரத்திலேயே வைத்து, ஒரு 10 லிட்டர் பக்கெட்டில் விடுங்கள். இரண்டு நிமிடத்தில் நிரம்பினால் மணிக்கு 300 லிட்டர். ஒரே நிமிடத்தில் நிரம்பினால் 600.

கேனிஸ்டர் ஃபில்டர் (தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய ஃபில்டர்) வைத்திருப்பவர்கள் வேகத்தைக் குறைக்க அதன் வாயைத் திருகி அடைக்காதீர்கள். ஃபில்டரில் வாழும் நல்ல பாக்டீரியாவுக்கு அந்த ஓட்டம் தேவை. ஒரு டி இணைப்பும் வால்வும் போட்டு, தண்ணீரில் ஒரு பகுதியை மட்டும் யுவி வழியாக விடுங்கள். அந்த நல்ல பாக்டீரியா ஃபில்டருக்குள் இருக்கும் ஸ்பான்ஜ் போன்ற மீடியாவில் ஒட்டி வாழ்வதால் யுவி அதைத் தொடாது.

[காட்சி: இரண்டு குவார்ட்ஸ் குழாய்கள். ஒன்று தெளிவாக, ஒன்றின் மேல் வெள்ளைப் படலம்.]

நம் வீடுகளில் இன்னொரு தொல்லை உண்டு, உப்புத் தண்ணீர். போர் தண்ணீர் ஊற்றும் வீட்டில் குவார்ட்ஸ் குழாய் மேல் சில மாதத்திலேயே வெள்ளையாகக் கறை படியும். ஒளி அங்கேயே நின்றுவிடும். வினிகரில் ஊறவைத்துத் துடைத்தால் போய்விடும். ஃபைட்டர் மீன் வளர்ப்பவர்கள் போடும் பாதாம் இலையும் அப்படித்தான்: தண்ணீர் டீ நிறத்துக்கு வந்தபின் யுவி-யின் வீச்சு வெகுவாகக் குறையும்.

நல்ல விளக்கு 8,000, 9,000 மணி நேரம் உழைக்கும். நாள் முழுக்க எரிந்தால் ஏறக்குறைய ஒரு வருஷம். நீல வெளிச்சம் அதற்குப் பிறகும் வரும், உள்ளே சத்து இருக்காது. அதனால் மாட்டிய தேதியை உறை மேல் எழுதி ஒட்டுங்கள்.

எரியும் விளக்கை வெறும் கண்ணால் பார்க்கவே கூடாது. வெல்டிங் வெளிச்சத்தைப் பார்த்ததுபோல் சில மணி நேரம் கழித்து மணல் விழுந்த மாதிரி கண் உறுத்தும். பிளக்கைப் பிடுங்கிய பிறகே திறக்க வேண்டும். தொட்டிக்கு மருந்து போடும் நாட்களிலும் அணைத்து வையுங்கள். சில மருந்துகளை இந்த ஒளி கெடுத்துவிடும்.

வெள்ளைப் புள்ளியைப் பற்றி ஒரு வார்த்தை. மீனின் தோலுக்குள் புகுந்துவிட்ட ஒட்டுண்ணியை எந்த யுவி-யும் எட்டாது. தண்ணீரில் நீந்தி அடுத்த மீனைத் தேடும் பருவத்தில்தான் அது மாட்டும். ஆகவே மருந்துக்கு இது மாற்று கிடையாது, பரவலைக் குறைக்கும், அவ்வளவுதான்.

பச்சைத் தண்ணீரோ சில நாட்களிலேயே வெளுக்கத் தொடங்கும். செத்த பாசி ஸ்பான்ஜில் போய் அடைத்து ஓட்டம் குறையும். தொட்டித் தண்ணீரிலேயே ஸ்பான்ஜை அலசிப் போட்டுவிட்டு, பக்கெட்டை வைத்து வேகத்தை இன்னொரு முறை அளந்துகொள்ளுங்கள்.