விமானத்தையும் லீஸுக்குத்தான் எடுக்குறாங்க

வணக்கம்ங்க. எனக்கு ஊரு காட்பாடி, வேலை விமானத்தோட ரெக்கார்டு செக் பண்றது. போன தடவ வீட்டுக்கு வந்தப்போ அம்மா கேட்டாங்க, "ஏரோப்ளேன கூடவா லீஸுக்கு வுடுறாங்க, எத்தினி லட்சம் கட்டணும்?"னு. அவங்க கேட்டது நியாயம்தான், நம்ம வேலூர் பக்கம் லீஸ்னா மொத்தமா ஒரு தொகைய குடுத்துட்டு வாடகை இல்லாம இருந்துட்டு காலி பண்றப்போ அப்படியே திருப்பி வாங்கிக்கறது. விமானத்துல அப்படி இல்லைங்க. அட்வான்ஸும் உண்டு, மாச வாடகையும் உண்டு, நெறைய ஒப்பந்தத்துல பறந்த மணிக்கணக்கு, ஏறி இறங்கின கணக்கு பாத்து பராமரிப்புக்குன்னு தனிப்பணமும் கட்டணும்.

உலகத்துல பறக்கற பயணிகள் விமானத்துல ஏறக்குறைய பாதி லீஸுதான். 1975ல அயர்லாந்துல ஷானன்ங்கற ஊர்ல டோனி ரயன் ஆரம்பிச்ச கம்பெனியால இந்தத் தொழில் பெருசாச்சு, இன்னிக்கும் அயர்லாந்துதான் இதுக்கு தலைமை இடம். வெளிய ஏர்லைன்ஸ் பேரு பளபளன்னு இருக்கும், ஆனா காக்பிட்டுக்குள்ள உள்ளங்கை அளவு மெட்டல் பிளேட்டுல நிஜ ஓனர் பேரு இருக்கும், இன்ஜின்லயும் இருக்கும்.

2023 மே மாசம் கோ ஃபர்ஸ்ட்ங்கற நம்ம நாட்டு ஏர்லைன்ஸ் திவால் மனு போட்டப்போ தீர்ப்பாயம் தடை போட்டுடுச்சு, ஓனருங்களால தன்னோட விமானத்தயே எடுத்துட்டுப் போக முடியல, 2024 ஏப்ரல்ல டெல்லி ஹைகோர்ட் சொன்ன பிறகுதான் 50க்கு மேல விமானத்தோட இந்தியப் பதிவ நீக்கி, ஓனருங்க எடுத்துட்டுப் போக வழி விட்டாங்க. அப்புறம் 2025ல இதுக்குன்னே தனிச்சட்டம் வந்துச்சு. இது ரொம்ப அவசியமான சட்டம்னு நான் நினைக்கறேன், ஏன்னா திரும்பக் கிடைக்குமான்னு பயம் இருந்தா ஓனர் வாடகைய ஏத்துவான், அது நம்ம டிக்கெட் தலையிலதான் விழும்.

என் வேலை விமானத்த திருப்பி ஒப்படைக்கறப்போதான். இன்ஜினுக்குள்ள சுத்தற டிஸ்க்குக்கு இத்தனை தடவதான் ஏறி இறங்கலாம்னு ஆயுசு குறிச்சிருப்பாங்க, அது செஞ்ச நாள்லேர்ந்து எந்த விமானத்துல எத்தன தடவ ஓடுச்சுன்னு ஒரு பக்கம் விடாம பேப்பர் வேணும், இல்லன்னா நல்லா இருக்கற டிஸ்க்கு கூட இரும்புக் கடை வெலைதான். ஒரு தடவ ஒரே ஒரு பக்கம் காணோம், பழைய ஏர்லைன்ஸ் குடோன்ல பொட்டி பொட்டியா பிரிச்சு தேடினோம், அது கிடைக்கற வரைக்கும் விமானம் ஷெட்டுலயே நின்னுச்சு, வாடகை மட்டும் மாசாமாசம் ஓடிக்கிட்டே இருந்துச்சுங்க.