மாங்கொட்டைக்குள் இருக்கும் வண்டு எந்த வழியாக உள்ளே போயிற்று?

நேயர்களுக்கும், குறிப்பாக இவ்வாண்டு விலங்கியலோ வேளாண்மையோ புதிதாகப் படிக்கத் தொடங்கியிருக்கும் மாணவர்களுக்கும் வணக்கம்.

மாம்பழக் காலத்தில் சேலத்தில் எந்த வீட்டிலும் எழக்கூடிய கேள்வி ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். நன்கு பழுத்த பழத்தை அறுத்துச் சாப்பிட்டு முடித்தபின் கொட்டையை உடைத்தால், சில நேரங்களில் உள்ளிருந்து கரும்பழுப்பு நிற வண்டு ஒன்று நடந்து வெளியே வருகிறது. பழத்தின் தோலில் துளை இல்லை, சதையில் அது வந்த தடம் இல்லை, கொட்டையின் கெட்டியான ஓட்டிலும் வழி இல்லை. அப்படியானால் அது எப்படி உள்ளே போயிற்று? பூச்சியின் உடல் எவ்வாறு அமைந்திருக்கிறது, அது எவ்வாறு வளர்கிறது என்ற இரண்டையும் அறிந்தால்தான் இதற்கு விடை கிடைக்கும்.

நம் உடலைத் தாங்கும் எலும்புகள் உள்ளே இருக்கின்றன. பூச்சிக்கோ தாங்கும் சட்டகம் வெளியே இருக்கிறது. தசைகள் அதன் உட்புறத்தைப் பற்றிக்கொண்டு இயங்குகின்றன. கைட்டின் என்ற உறுதியான பொருளும் புரதமும் சேர்ந்து அமைந்த இந்தப் புறச்சட்டகத்தின் மேல் மெல்லிய மெழுகுப் படலம் இருப்பதால், சித்திரை வெயிலிலும் பூச்சியின் உடல்நீர் எளிதில் ஆவியாகிவிடுவதில்லை. பூச்சியைப் பற்றி நீங்கள் படிக்கப்போகும் பலவற்றுக்கும் காரணம் இந்தச் சட்டகம்தான் என்பது என் கருத்து. ஆகவே பெயர்ப் பட்டியலை மனப்பாடம் செய்வதற்கு முன் இதை மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

உடல் தலை, மார்பு, வயிறு என மூன்று பகுதிகளாக இருக்கும். தலையில் ஓர் இணை உணர்கொம்புகளும், பெரும்பாலும் கூட்டுக்கண்களும், வாயுறுப்புகளும் உள்ளன. மார்பின் மூன்று கண்டங்களில், அதாவது துண்டுகளில், ஒவ்வொன்றிலும் ஓர் இணைக் கால் வீதம் ஆறு கால்கள். இறக்கைகள் இருந்தால் அவை இரண்டாம், மூன்றாம் கண்டங்களில் மட்டுமே இருக்கும். எட்டுக் கால்களுள்ள சிலந்தியும் தேளும் பூச்சிகள் அல்ல. வாயுறுப்புகளைச் சற்று நின்று கவனியுங்கள். வெட்டுக்கிளியும் கம்பளிப்புழுவும் தாடைகளால் கடித்து மெல்லுகின்றன. மாவுப்பூச்சியும் தத்துப்பூச்சியும் செடியின் திசுவைத் துளைத்துச் சாற்றை உறிஞ்சுகின்றன. இலையின் மேற்பரப்பில் மட்டும் படிந்திருக்கும் வயிற்று நஞ்சு இலையைத் தின்னும் புழுவின் குடலுக்குள் போகும்; இலைக்குள்ளிருந்து சாறு குடிக்கும் பூச்சியின் குடலுக்குள் போகாது. வாயைப் பார்க்காமல் மருந்து வாங்குவது வீண் செலவு என்பதை உழவர் வீட்டுப் பிள்ளைகள் தங்கள் வீட்டாரிடம் எடுத்துச் சொல்லலாம்.

பூச்சிக்கு நுரையீரல் இல்லை. உடலின் பக்கவாட்டில் உள்ள சுவாசத்துளைகள் வழியாக நுழையும் காற்று, கிளைத்துக் கிளைத்துச் செல்லும் மூச்சுக்குழல்களில் பாய்ந்து நேரே திசுக்களை அடைகிறது. உயிர்வளியைச் சுமக்கும் வேலை இரத்தத்துக்கு இல்லாததால்தான் பெரும்பாலான பூச்சிகளின் இரத்தம் சிவப்பாக இருப்பதில்லை. மார்செல்லோ மால்பிஜி என்ற இத்தாலிய மருத்துவர் பட்டுப்புழுவை அறுத்து ஆராய்ந்து 1669ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இந்தக் குழல்களை விளக்கினார். பூச்சிகளின் கழிவுநீக்க உறுப்புகளான மால்பிஜியன் நுண்குழல்கள் அவர் பெயரையே தாங்கியுள்ளன. பட்டுப்புழு கிடைத்தால் அதன் பக்கவாட்டைப் பாருங்கள். பக்கத்துக்கு ஒன்பதாக வரிசையில் தெரியும் கரும்புள்ளிகளே சுவாசத்துளைகள்.

இனி வளர்ச்சிக்கு வருவோம். புறச்சட்டகம் இறுகிவிட்டால் அதற்கு மேல் விரியாது. வளரும் பிள்ளைக்குப் பழைய சட்டை போதாமல் போவதுபோல, பூச்சிக்கும் தன் சட்டகம் போதாமல் போகிறது. எனவே அது பழைய சட்டகத்தின் அடியில் புதியதொன்றை மென்மையாக உருவாக்கிக்கொண்டு, முதுகுப்புறம் வெடிக்கச் செய்து வெளியே வந்து, காற்றை விழுங்கி உடலைப் பெருக்கி, அந்நிலையிலேயே புதிய சட்டகத்தை இறுகவிடுகிறது. பட்டுப்புழு இவ்வாறு நான்கு முறை தோலுரித்து, முட்டையிலிருந்து வந்தபோது இருந்த எடையைப்போல ஏறத்தாழ 10,000 மடங்கு பெருகுகிறது. ஏற்காட்டுக்குப் போகிறவர்கள் மரத்தண்டுகளில் சில்வண்டு விட்டுச்சென்ற வெற்றுத் தோல் ஒட்டியிருப்பதைத் தேடிப் பாருங்கள். முதுகில் பிளவும், பிளவின் உள்ளே வெண்ணிற நூலிழைகளும் தெரியும். அந்த இழைகள் மூச்சுக்குழல்களின் உட்பூச்சு. தோலுரிக்கும்போது அவையும் கழன்று வந்துவிடுகின்றன.

சில்வண்டு என்று பெயர் இருந்தாலும் அது வண்டினத்தைச் சேர்ந்ததன்று. மண்ணுக்கடியில் வேர்ச்சாற்றைக் குடித்து வாழும் அதன் இளம்பூச்சி, உருவத்தில் ஓரளவு தாயை ஒத்து, ஒவ்வொரு தோலுரிப்பிலும் இறக்கை மொட்டுகள் பெரிதாகி, கடைசித் தோலுரிப்பில் நேரே முதிர்பூச்சியாகிவிடுகிறது. வெட்டுக்கிளி, கரப்பான், தத்துப்பூச்சி ஆகியவையும் இப்படித்தான். இது முழுமையற்ற வளர் உருமாற்றம். வண்டு, பட்டாம்பூச்சி, ஈ, குளவி ஆகியவை வேறு வழியில் செல்கின்றன. முட்டையிலிருந்து வருவது தாயைச் சற்றும் ஒத்திராத புழு. அதன் வேலை தின்பதும் வளர்வதும் மட்டுமே. பின்னர் அது கூட்டுப்புழுவாகி உண்ணாமல் கிடக்கும்போது, புழுவின் திசுக்களுள் பெரும்பகுதி கரைந்து, அதுவரை சிறு செல்தொகுதிகளாக ஒதுங்கியிருந்தவை கண்ணாகவும் காலாகவும் இறக்கையாகவும் வளர்கின்றன. இது முழுமையான வளர் உருமாற்றம்.

இப்போது மாங்கொட்டைக்கு விடை சொல்லலாம். அந்தக் கூன்வண்டு முதிர்ந்த நிலையில் உள்ளே போகவே இல்லை. காய் பிஞ்சாக இருக்கும்போது தாய்வண்டு அதன் தோலைக் கீறி முட்டையிடுகிறது. கசியும் பால் முட்டையின் மேல் உறைந்து மூடிக்கொள்கிறது. சில நாளில் பொரிக்கும் காலற்ற சிறு புழு, கொட்டையின் ஓடு இறுகுமுன் பிஞ்சின் சதையைத் துளைத்துப் பருப்பை அடைந்துவிடுகிறது. காய் பருக்கும்போது அந்த நுண்ணிய வழி தூர்ந்து மறைகிறது. புழு பருப்பைத் தின்று, அங்கேயே கூட்டுப்புழுவாகி, அங்கேயே வண்டாகிறது. வெளியே வந்தபின் அடுத்த பூக்காலம்வரை மரப்பட்டை இடுக்குகளில் தங்கியிருக்கும். ஆண்டுக்கு ஒரு தலைமுறைதான். ஆகவே பழுத்தபின் எதைத் தெளித்தும் பயனில்லை. உதிர்ந்த காய்களையும் கொட்டைகளையும் பொறுக்கி அழிப்பதே பொருத்தமான வழி.

இதே அறிவு சேர்வராயன் மலையின் அராபிகா காப்பித் தோட்டங்களில் இன்னும் கூர்மையாகத் தேவைப்படுகிறது. வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்ற வண்டு, தண்டின் பட்டை வெடிப்புகளில், குறிப்பாக வெயில் படும் செடிகளில், முட்டையிடுகிறது. அதன் புழு ஏறத்தாழ பத்து மாதங்கள் கட்டைக்குள் ஒளிந்திருந்து குடைகிறது. அப்போது எந்தத் தெளிப்பும் அதை எட்டாது. வண்டுகள் வெளியே பறக்கும் காலம் ஏப்ரல், மே மாதங்களும், அக்டோபர் முதல் டிசம்பர் வரையுமே. அதற்கு முன் தாக்குண்ட செடிகளைப் பிடுங்கி எரிப்பதும், தளர்ந்த பட்டையைத் தேய்த்து நீக்கி முட்டையிட இடமில்லாமல் செய்வதும், நிழல்மரங்களைக் காப்பதும் இந்த வாழ்க்கைச் சுற்றைப் பார்த்து வகுக்கப்பட்ட முறைகள்.

மரவள்ளியில் நடந்தது வேறு வகை. தென்னமெரிக்காவைப் பிறப்பிடமாகக் கொண்ட மரவள்ளி மாவுப்பூச்சி 2020ஆம் ஆண்டு இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. ஆண் துணையின்றியே பெண்பூச்சிகள் பெருகும் இனம் ஆதலால் விரைவில் பரவியது. இந்த மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிட்டு, உள்ளிருந்தே தின்று வளரும் அனாகைரஸ் லோபேசி என்ற மிகச் சிறிய குளவி ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து தருவிக்கப்பட்டு, 2022ஆம் ஆண்டு மார்ச் மாதம் நம் சேலம் மாவட்டத்து ஏத்தாப்பூர் மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் வெளியிடப்பட்டது. குளவிப் புழுவுக்கு உணவும் உறைவிடமும் மாவுப்பூச்சியின் உடலே.

மாணவர்களே, இவற்றை வீட்டிலேயே காண ஒரு வழி உண்டு. கறிவேப்பிலைச் செடியில் பறவை எச்சம் போன்ற நிறத்தில் சிறு புழு இருந்தால், கொழுந்தோடு எடுத்து, வலைத்துணி கட்டிய கண்ணாடிக் குடுவையில் வைத்து நாள்தோறும் புதிய இலை இடுங்கள். அது பச்சை நிறமாகும் நாள், கழற்றிய தோல் கிடைத்த நாள், குச்சியில் நூல்கட்டித் தொங்கிக் கூட்டுப்புழுவாகும் நாள் ஆகியவற்றைத் தேதியிட்டு எழுதுங்கள். பட்டாம்பூச்சி வெளிவந்தால், இறக்கைகள் விரிந்து இறுகும்வரை தொடாதீர்கள். பட்டாம்பூச்சிக்குப் பதிலாகச் சிறு குளவிகள் பல வெளிவந்தாலும் குடுவையைக் கொட்டிவிடாமல், அவற்றை எண்ணி, அந்தத் தேதியையும் எழுதி, உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள். வணக்கம்.