வேர்ட் ஃபைல்களைச் சேர்த்ததும் ஹெடர் எங்கே போகிறது?

வணக்கம் மக்களே. கருத்தரங்கக் கட்டுரைத் தொகுப்பு போடுகிறவர்களுக்கான வீடியோ இது. ஆளுக்கொரு வேர்ட் ஃபைல் அனுப்பியிருப்பார்கள். எல்லாவற்றையும் ஒன்றாக்கியதும் ஒருவருடைய ஹெடர் காணாமல் போகும், படுக்கைவாட்டில் இருந்த அட்டவணைப் பக்கம் நிமிர்ந்துவிடும். உடனே வேர்டைத் திட்டுவோம். ஆனால் அது ஒரு கணக்கோடுதான் செய்கிறது.

திரையைப் பாருங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், 8 மூன்றையும் சேர்த்து அழுத்துகிறேன். மறைந்திருந்த குறிகள் தெரிகின்றன. இதோ, இரட்டைக் கோட்டுக்கு நடுவில் செக்ஷன் பிரேக் என்று இருக்கிறதா? அதற்கு மேலே உள்ள பகுதியின் ஓர அளவு, தாளின் திசை, ஹெடர், ஃபுட்டர் எல்லாம் இந்தக் கோட்டில்தான் இருக்கின்றன. இதை டெலீட் செய்தால், மேல் பகுதி கீழ்ப் பகுதியின் அமைப்பை எடுத்துக்கொள்ளும். பலரும் இதை நேர்மாறாக நினைத்துக்கொண்டு கீழேயே தேடுகிறார்கள்.

ஃபைலின் கடைசிப் பகுதிக்கு இப்படிக் கோடு கிடையாது. அதனால் இன்சர்ட், ஆப்ஜெக்ட், டெக்ஸ்ட் ஃப்ரம் ஃபைல் வழியாகச் சேர்க்கும்போது அந்தப் பகுதியின் அமைப்பு கூடவே வராது. சேர்ப்பதற்கு முன்பே ஒவ்வொரு ஃபைலின் முடிவிலும் ஒரு நெக்ஸ்ட் பேஜ் செக்ஷன் பிரேக் போட்டுச் சேமியுங்கள். அப்புறம், ஹெடரே இல்லாத கட்டுரையின் தலையில் முந்தைய கட்டுரையாளர் பெயர் வந்து உட்கார்ந்திருந்தால், முந்தைய பகுதியின் ஹெடரையே தொடரவைக்கும் லிங்க் டு பிரீவியஸை எடுத்துவிட்டு அந்தப் பெயரை அழியுங்கள்.

ஹெடிங் 1 மாதிரி ஒரே பெயரில் இரண்டு ஃபைலிலும் ஸ்டைல் இருந்தால் பிரதான ஃபைலில் உள்ளதுதான் நிற்கும். தொகுப்புக்கு அது நல்லதுதான், விட்டுவிடுங்கள்.

சரி, தமிழுக்கே உரிய தலைவலிக்கு வருவோம். இன்னும் பாமினி என்ற பழைய ஃபான்ட்டில் தட்டச்சு செய்து அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த ஃபைலுக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகள்தான். தமிழாகக் காட்டுவது ஃபான்ட். கீப் டெக்ஸ்ட் ஒன்லி கொடுத்து ஒட்டினால் ஃபான்ட் கழன்றுவிடும், ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரியும். ஃபைல் கெட்டுவிடவில்லை, பதறாதீர்கள். திரும்பவும் பாமினியைக் கொடுத்தால் தமிழ் வந்துவிடும். ஆனால் அப்படியே விடாமல், சேர்ப்பதற்கு முன்பே என்.எச்.எம். கன்வர்ட்டர் மாதிரி ஒன்றில் யூனிகோடாக மாற்றிவிடுங்கள்.

மாற்றும்போது தமிழ்ப் பகுதியை மட்டும் எடுத்து மாற்றுங்கள். மொத்தமாகக் கொடுத்தால் நடுவில் உள்ள ஆங்கில நூற்பெயர்களும் படிக்க முடியாத தமிழாகிவிடும். துணைநூற் பட்டியலை மட்டுமாவது ஒரு தடவை வரிவரியாகப் பார்த்துவிடுங்கள், பெரும்பாலும் அங்கேதான் மாட்டும்.