கயாக் வாங்கியாச்சு, குளம் எது?

நேயர்களுக்கு வணக்கம்.

தூண்டில் போடுவதைப் பற்றிப் பேச வேண்டும் என்று வானொலி நிலையத்தில் கேட்டார்கள். எதைப் பேசுவது என்று நான் அதிகம் யோசிக்கவில்லை. கொஞ்ச காலமாக நம்ம நெல்லைப் பக்கத்து இளைஞர்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். "அண்ணாச்சி, கயாக் வாங்கியாச்சு. எங்க கொண்டு போய்ப் போட?"

கயாக் என்பது ஒருவர் உட்கார்ந்து இரண்டு பக்கமும் மாற்றி மாற்றித் துடுப்புப் போடுகிற குறுகலான சின்னப் படகு. பிளாஸ்டிக்கில் வார்த்தது 10 முதல் 12 அடி நீளம் இருக்கும். எடை 25 கிலோ அளவில், சிலது அதற்கு மேலும் இருக்கும். காற்றடித்து விரிக்கிற வகையும் வருகிறது. அது எடை குறைவு, மடித்து மூட்டையாகக் கட்டி பைக்கிலேயே கொண்டுபோய்விடலாம். இந்த ஆசை நம் பிள்ளைகளுக்கு எங்கிருந்து வந்தது என்றால், அமெரிக்காக்காரர்கள் கயாக்கில் உட்கார்ந்து பாஸ் மீன் பிடிக்கிற வீடியோக்களிலிருந்துதான்.

அந்தப் பாஸ் மீனைப் பற்றி ஒரு வார்த்தை. பச்சை உடம்பு, பக்கவாட்டில் கறுப்புக் கோடு, தலைக்குப் பொருந்தாத பெரிய வாய். 1932-இல் ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி என்பவர் பிடித்த மீன் 22 பவுண்டு 4 அவுன்ஸ், அதாவது 10 கிலோவுக்குச் சற்று மேல். 2009-இல் ஜப்பானின் பிவா ஏரியில் கிட்டத்தட்ட அதே எடையில் இன்னொன்று பிடிபட்டது. இன்று வரை இரண்டையும் சேர்த்துத்தான் உலகச் சாதனை என்கிறார்கள்.

நம் குளங்களில் பாஸ் கிடையாது. அந்தக் குணம் உள்ள மீன் உண்டு, விரால். இரண்டும் செடி மறைவில் அசையாமல் கிடந்து, தவளையோ குஞ்சு மீனோ பக்கத்தில் வந்தால் பாய்ந்து கவ்வும். பாஸுக்கென்று செய்த ரப்பர் தவளையை, தண்ணீர் மேல் படர்ந்து மிதக்கிற அமலைச் செடி மேல் இழுத்தால் விராலும் அடிக்கும். ஆகவே எப்படிப் பிடிப்பது என்பதை அந்த வீடியோக்களில் தாராளமாகக் கற்றுக்கொள்ளலாம். எங்கே போவது என்பதை மட்டும் அங்கிருந்து எடுக்க முடியாது. அங்கே புதிதாக வருகிறவருக்குச் சொல்லுகிற யோசனை, மோட்டார் படகு ஓடாத சின்ன ஏரியாகப் பார், மாநில உரிமத்துக்குப் பணம் கட்டு, படகு இறக்கச் சரிவு போட்டிருப்பார்கள், அங்கே இறங்கு என்பதுதான். நம்மிடம் சரிவும் இல்லை, உரிமச் சீட்டும் இல்லை. நம் குளம் நெல்லுக்காக வெட்டியது. அதில் தண்ணீர் எப்போது இருக்கும், காற்று எந்தப் பக்கம் தள்ளும், மீன் யாருடையது என்ற மூன்றையும் நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பலர் முதலில் கேட்பது மீன் எங்கே அதிகம் என்று. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. புதிதாகத் துடுப்புப் பிடிக்கிறவர், துடுப்பு கைநழுவிப் போனாலும் கரைக்கு வந்து சேரக்கூடிய தண்ணீராகப் பார்த்து இறங்க வேண்டும். மீன் அதற்கப்புறம். இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் அணைகள் உடனே கழிந்துபோகும். காரையாறும் சேர்வலாறும் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கின்றன. முதலையும் உண்டு. மணிமுத்தாறு 118 அடி அணை, காற்றடித்தால் அலை எழும் அகலம். எந்த அணையிலும் நம் இஷ்டத்துக்குப் படகு இறக்க விடமாட்டார்கள். விடாததே நல்லது. அந்தப் பேச்சை அதோடு விட்டுவிடுவோம்.

தாமிரபரணியைப் பற்றிச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். வற்றாத நதியை வாசலில் வைத்துக்கொண்டு குளத்துக்குப் போகச் சொல்கிறாரே என்பார்கள். ஆறு அழகுதான், அம்பாசமுத்திரம் பக்கம் நீர்நாய் கூட்டமாக நீந்துவதைப் பார்க்கலாம். ஆனால் மணல் அள்ளிய பள்ளங்களும் கசம் என்கிற பழைய ஆழக் குழிகளும் மேலிருந்து பார்த்தால் தெரியாது. முழங்கால் அளவு என்று நினைத்து இறங்கினால் அடுத்த எட்டில் ஆள் மட்டம் தாண்டிவிடும். மேலே தண்ணீர் திறந்தால் கீழே மட்டம் ஏறும். அப்புறம் ஆற்றுக்குக் குறுக்கே கட்டிய தாழ்வான அணைக்கட்டுகள். கோடைமேலழகியானில் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு இருக்கின்றன. மேலே நின்று பார்த்தால் மெல்லிய நுரைதான் தெரியும். கீழே விழுகிற தண்ணீர் சுழன்று, விழுந்த பொருளைத் திரும்பத் திரும்ப உள்ளேயே இழுக்கும். லைஃப் ஜாக்கெட் போட்டவரும் அங்கே சிக்கிக்கொள்வார். படகு கைக்குப் பழகிய பிறகுதான் ஆறு.

ஆக, குளம். எந்தக் குளம் என்பதைவிட எந்த மாசம் என்று முதலில் கேட்க வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் குளம் பெருகும். கார்த்திகை மார்கழியில் நிரம்பி மறுகால் பாயும், அதாவது மிச்சத் தண்ணீர் வழிந்து வெளியேறும். அந்த நேரம் கலங்கல் தண்ணீர், உள்ளே ஓட்டமும் இருக்கும். மறுகால் பாயும் குளத்தில் கயாக்கை இறக்கவே கூடாது. 2023 டிசம்பரில் நெல்லையிலும் தூத்துக்குடியிலும் எத்தனை குளங்கள் உடைந்தன என்று நேயர்களுக்கு நான் நினைவுபடுத்த வேண்டியதில்லை. அப்படிக் கரை உடைந்து அடைத்த இடத்துக்குப் பக்கத்தில் வெள்ளம் குடைந்த பள்ளம் கிடக்கும். அதையும் ஊரில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பிசான நெல் அறுவடை நெருங்கும் தை கடைசி, மாசி, பங்குனி முற்பாதி. இதுதான் என் கணக்கில் நல்ல காலம். தண்ணீர் தெளிந்திருக்கும், பாதியாகக் குறைந்திருக்கும், காற்றும் அடங்கியிருக்கும். மட்டம் இறங்க இறங்க மீனும் ஒடுங்கிவரும். சித்திரை வைகாசியில் பல குளங்கள் சேறாகிவிடும். படகிலிருந்து இறங்கிக் காலை ஊன்றினால் தொடை வரை போகும். தண்ணீரில் விழுவதைவிடச் சேற்றில் மாட்டுவது மோசம், அங்கே நீச்சல் உதவாது.

ஆனியிலிருந்து ஆவணி வரை காற்று. ராதாபுரம், பணகுடி, வள்ளியூர் பக்கம் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்றுக்குத்தான் அத்தனை காற்றாலைகளை நட்டு வைத்திருக்கிறார்கள். தென்காசி, சுரண்டை பக்கம் செங்கோட்டைக் கணவாய்க் காற்று. காற்றாலை வேகமாகச் சுற்றுகிற அன்று கயாக்கை வீட்டுச் சுவரோடு கட்டிப்போடுங்கள். அது இலேசான சாமான், தண்ணீருக்கு மேலே நிற்கிற உடம்பு முழுவதும் காற்றுக்குப் பாய் விரித்த மாதிரிதான்.

காற்றைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் குளங்களின் அமைப்பே அதோடு சம்பந்தப்பட்டது. நம் நிலம் மேற்கே மலையிலிருந்து கிழக்கே கடலை நோக்கிச் சரிகிறது. ஆகையால் பெரும்பாலான குளங்களுக்குக் கரை கிழக்கே, உள்வாய் மேற்கே. மடையும் ஆழமும் கரையை ஒட்டி இருக்கும். உள்வாய் ஆழமில்லாமல் பரந்து கிடக்கும். மேற்கேயிருந்து மேல்காற்று அடித்தால் உங்களைக் கரைப் பக்கம் கொண்டுவந்து சேர்க்கும். கரையில் இறங்கி காற்றை எதிர்த்து மேற்கே துடுப்புப் போட்டுப் போனால், களைத்துத் திரும்பும்போது காற்றே தள்ளிக்கொண்டு வரும். வாடைக் காற்று அடிக்கிற காலத்தில் இது தலைகீழ். போகும்போது சுகமாக இருக்கும், திரும்ப முடியாது. போய் நிற்கிற இடமோ உள்வாய்ச் சேறும் சீமைக் கருவேலமும். காற்றடித்த கயாக் வைத்திருப்பவர்களுக்கு அந்த முள்ளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டுமா? இறங்குவதற்கு முன் ஒரு பிடி காய்ந்த புல்லைக் கிள்ளி வீசிப் பாருங்கள். கடலுக்குக் கிட்டத்தில் உள்ள குளங்களில் மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று திரும்பி அடிக்கும். விடியலில் இறங்கி, வெயில் ஏறுமுன் கரையேறிவிடுவது எந்தக் காலத்துக்கும் பொருந்தும். விராலுக்கும் அதுதான் பசி நேரம்.

அளவு என்று பார்த்தால், மானூர் பெரியகுளம், விஜயநாராயணம் குளம் மாதிரி பெரிய பரப்பு முதல் தண்ணீருக்கு ஆகாது. நடுவில் இருந்து கூப்பிட்டால் கரைக்குக் கேட்க வேண்டும், அந்த அளவு போதும். கரைமேல் வண்டி போகிற பாதை இருக்க வேண்டும், 30 கிலோவைத் தலையில் தூக்கி முள்ளுக்குள் நடக்கிறவருக்குப் பாதி உற்சாகம் தண்ணீரைப் பார்க்கும் முன்பே போய்விடும். நிறைய அமலை மூடிய குளமும் வேண்டாம், துடுப்பு சிக்கிக்கொள்ளும். நெல்லை டவுன் நயினார்குளம் வீட்டுக்குப் பக்கம் என்று ஆசைப்படுகிறவர்கள் அதில் அமலை எவ்வளவு கிடக்கிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஓரத்தில் கொஞ்சம் தாமரை, கொஞ்சம் சம்பைப் புல், நடுவில் திறந்த தண்ணீர். அப்படி ஒரு குளம் ஊருக்கு ஊர் இருக்கிறது.

வண்டல் எடுத்த குழிகளை மறக்க வேண்டாம். கோடையில் விவசாயிகள் வயலுக்கு மண் எடுப்பது நல்ல காரியம்தான், ஆனால் ஜேசிபி தோண்டிய இடம் நெட்டுக்குத்தாக இருக்கும். இடுப்பளவுக் குளத்துக்குள் இரண்டு ஆள் ஆழம் அங்கே ஒளிந்திருக்கும். இதை எந்த வரைபடமும் சொல்லாது. அந்தக் குளத்தங்கரையில் ஆடு மேய்க்கிறவரிடம் கேளுங்கள், விரலை நீட்டிக் காட்டுவார்.

சரி, அனுமதிக்கு வருவோம். தண்ணீர் பொதுவாக இருக்கலாம், அதில் உள்ள மீன் பொதுவல்ல. பெரும்பாலான குளங்களுக்கு மீன்பாசி ஏலம், அதாவது மீன் பிடிக்கிற உரிமைக்கான ஏலம் உண்டு. ஏலம் எடுத்தவர் காசு போட்டுக் கட்லா, ரோகு குஞ்சு விட்டிருப்பார். அவரிடம் சொல்லாமல் இறங்கினால் உங்களைத் திருடன் என்றுதான் நினைப்பார், அதில் தப்பில்லை. ஒரு குத்தகைக்காரர் என்னிடம் கேட்டார். "படகுல போயா தூண்டி போடுவிய? ஏன், கரையில நின்னா மீனு கொத்தாதோ?" சிரித்துக்கொண்டேதான் கேட்டார், அப்புறம் அவரே எந்த மடைப் பக்கம் போகலாம் என்று சொன்னார். விரால் அவர்களுக்கு இரண்டும்கெட்டான் மீன். கட்லாக் குஞ்சைத் தின்கிறது, ஆனால் சந்தையில் நல்ல விலையும் அதற்குத்தான். ஆகவே முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். பிடித்ததை எடை போட்டுக் காசு கொடுப்பதா, பிடித்துப் பார்த்துவிட்டுத் திரும்ப விடுவதா? எங்கே தங்கூசி என்கிற நைலான் நரம்பு வலை கட்டியிருக்கிறார் என்றும் கேளுங்கள். துடுப்பு வலையில் மாட்டினால் படகு ஒரு பக்கம் சாயும், வலை கிழிந்தால் பேச்சும் கிழியும்.

பறவைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நமக்கு நல்ல மாசம் என்று நான் சொன்னதே அவற்றுக்கும் நல்ல மாசம். கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம், உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் இருக்கிறது. அங்கே தூண்டில் பேச்சுக்கே இடமில்லை. திருப்புடைமருதூர் ஆற்றங்கரையும் பறவைகளுக்காக ஒதுக்கிய இடம். ஆனால் சரணாலயம் என்று பலகை இல்லாத எத்தனையோ குளங்களில் கருவேல மரத்தில் நாரையும் கொக்கும் கூடு கட்டியிருக்கும். கூடு உள்ள மரத்துக்கு அடியில் படகை விட்டால் தாய் எழுந்து பறக்கும், வெயில் குஞ்சு மேல் இறங்கும், காக்கையும் பருந்தும் காத்திருக்கும். அப்படிப்பட்ட குளத்தை அந்த வருஷம் விட்டுவிடலாம், குளத்துக்கா நமக்குப் பஞ்சம்?

முதல் தடவை தூண்டிலே வேண்டாம் என்பது என் கட்சி. லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, கரையில் ஒரு ஆளை நிறுத்திவிட்டு, இடுப்பளவுத் தண்ணீரில் வேண்டுமென்றே கவிழ்ந்து, திரும்ப ஏறிப் பழகுங்கள். வேடிக்கை பார்க்கிற பையன்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். அப்படியே உட்கார்ந்து தண்ணீரைப் பாருங்கள். விரால் மூச்சு வாங்க மேலே வரும் மீன். தாமரை இலை ஓரம் "பொளக்" என்று ஒரு குமிழி வந்தால் அந்த இடத்தை மனசில் குறித்துக்கொள்ளுங்கள். சில இடங்களில் செந்நிறக் குஞ்சுகள் பந்தாகத் திரண்டு நடுங்கிக்கொண்டே நகரும். அடியில் அப்பனும் ஆத்தாளும் காவல் நிற்கும். அந்த நேரம் எதைப் போட்டாலும் பாய்ந்து அடிக்கும், பசியால் அல்ல, குஞ்சைக் காக்கிற கோபத்தால். அதைப் பிடித்துத் தூக்கினால் குஞ்சுகளை மற்ற மீன்கள் கொஞ்ச நேரத்தில் முடித்துவிடும். பாஸ் மீனும் இப்படித்தான் காவல் காக்கும், அங்கேயும் பல தூண்டில்காரர்கள் அந்தச் சமயத்தில் அதைத் தொடுவதில்லை.

அடுத்த தடவை தூண்டிலோடு போகும்போது, குறித்து வைத்த அந்தத் தாமரை ஓரத்துக்கு நேரே போகாமல் காற்று வருகிற பக்கமாகச் சுற்றிப் போய், துடுப்பை மடியில் வைத்துவிட்டு மிதந்து நெருங்குங்கள். துடுப்பில் ஒரு கயிறு கட்டிப் படகோடு பிணைத்திருந்தால் இன்னும் நிம்மதி. கடையில் விற்கிற சாதாரண நைலான் கயிறே போதும், நாலு முழம் வாங்குங்கள்.

நன்றி, வணக்கம்.